கிணற்று நீரும் ஜென்டாமைசின் வட்டமும்

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் இரண்டு தாள்களுடன் ஆய்வகத்துக்கு வந்தார். இரண்டும் ஒரே அம்மாவின் சிறுநீர் கல்ச்சர் அறிக்கைகள். ஒன்று நாங்கள் கொடுத்தது. மற்றது, இடையில் ஒருநாள் மகன் அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்றபோது அங்கே எடுத்தது. இரண்டிலும் கிருமி ஒன்றுதான்: சூடோமோனாஸ் ஏருஜினோசா. அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு நேராக எங்கள் தாளில் ‘ஆர்’, அதாவது மருந்து கேட்காது. அவர்கள் தாளில் ‘எஸ்’, கேட்கும்.

“தம்பி, நான் எதை நம்பி மருந்து எழுதுவது?” என்று கேட்டார். கோபம் இல்லாத கேள்வி. அதனால்தான் அது இன்னும் அதிகமாகத் தைத்தது. எங்கள் தாளை நம்பி அந்த அம்மாவுக்கு மெரோபெனம் என்ற வேறோர் ஆன்டிபயாடிக் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது.

கிருமியைத் தீற்றிய தட்டில் மருந்து ஊறிய சிறு வில்லையை வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வட்டம் விழும்; வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து கேட்கும். பதிவேட்டைப் புரட்டினேன். அமிகாசின் வட்டம் 14 மி.மீ. என்று என் கையெழுத்திலேயே இருந்தது. கோயம்புத்தூர் ஆய்வகத்துக்குப் போன் செய்து கேட்டேன், அங்கே 18. சூடோமோனாஸுக்கு 17-உம் அதற்கு மேலும் என்றால் எஸ், 14-உம் அதற்குக் கீழும் என்றால் ஆர். நான்கு மில்லிமீட்டரில் மருந்தே மாறிவிட்டது. வட்டம் அளப்பதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் ஆவது உண்டு. நான்கு என்பது அளவுகோலின் தவறாக இருக்க முடியாது.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். பாலக்காட்டின் கிழக்கு ஓரம், தமிழ் பேசும் ஊர்கள், தென்னந்தோப்பும் கரிசல் காடும். கேரளம் என்றாலே கொட்டும் மழை என்று நினைப்பவர்கள் இங்கே பங்குனியில் வந்து பார்க்க வேண்டும். பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரம் நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்படும் பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்தியது. வெயில் ஏற ஏறக் கிணற்று நீரின் உப்பும் ஏறும். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

முதலில் ஓர் ஒப்புதல். எவ்வளவு வட்டம் வர வேண்டும் என்று முன்பே தெரிந்த கிருமியை வைத்துச் சோதனையையே சரிபார்க்கும் தரக்கட்டுப்பாட்டை நாங்கள் வாரம்தோறும் செய்துகொண்டுதான் இருந்தோம். ஆனால் ஈ. கோலை ஏடிசிசி 25922 என்ற ஒரே ஒரு கட்டுப்பாட்டுக் கிருமியை வைத்துத்தான். சூடோமோனாஸுக்கான ஏடிசிசி 27853 ஒருமுறை செத்துப்போனது; திரும்ப வாங்கவில்லை. ஈ. கோலைதான் சரியாக வருகிறதே என்று இருந்துவிட்டோம். அது உண்மையில் சரியாகவும் வரவில்லை. பழைய பதிவுகளை எடுத்து வரிசையாக எழுதிப் பார்த்தபோது அமிகாசினின் இனத்தைச் சேர்ந்த ஜென்டாமைசினின் வட்டம் 19, 20, 19, 19, 20 என்று இருந்தது. வரம்பு 19 முதல் 26 வரை. ஒவ்வொரு வாரமும் ‘வரம்புக்குள்’ என்று கையெழுத்து விழுந்திருக்கிறது. ஆனால் எல்லா எண்ணும் அடிக்கோட்டை உரசிக்கொண்டு நிற்கிறது. நல்ல நிலையில் உள்ள ஆய்வகத்தில் அந்த எண்கள் நடுவைச் சுற்றி மேலும் கீழுமாக விழ வேண்டும். இத்தனை வாரம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது எங்கள் கண்ணில் படவே இல்லை.

புதிய 27853 குப்பி வந்ததும் அன்றே வளர்த்து, மறுநாள் வில்லை வைத்தோம். அடுத்த நாள் காலை: ஜென்டாமைசின் 14, அமிகாசின் 17. இரண்டுமே வரம்புக்கு வெளியே, கீழே. செஃப்டாசிடிம் 23, வரம்பான 22–29-க்குள்தான், ஆனால் அதுவும் அடியில். இமிபெனம் மட்டும் கொஞ்சம் மூச்சு விடும் இடத்தில் இருந்தது.

சந்தேகப்பட வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எடுத்தோம். வில்லைகள் கெட்டிருக்கலாமா? ஈரமும் சூடும் பட்டால் முதலில் வீரியம் இழப்பது இமிபெனம் போன்றவை. ஜென்டாமைசின் எளிதில் சாகாது. இமிபெனம் நன்றாக இருக்க ஜென்டாமைசின் மட்டும் கெட்டது என்றால் வில்லைப் பெட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் வேறு லாட் வில்லையை வைத்துப் பார்த்தோம், அதே 14. கிருமிக் கரைசல் அடர்ந்து போயிருக்கலாமா? கரைசலின் கலங்கலை ஒப்பிட்டுப் பார்க்கும் மெக்ஃபார்லண்ட் 0.5 தரக்குழாய் பழையதாக இருந்தது. 1.175 சதவீத பேரியம் குளோரைடு அரை மில்லி, 1 சதவீத கந்தக அமிலம் 99.5 மில்லி என்று புதிதாகக் கலந்து, பக்கத்துக் கல்லூரியின் ஒளிமானியில் 625 நானோமீட்டரில் பார்த்தோம், 0.10 வந்தது. 0.08 முதல் 0.13 வரை இருந்தால் போதும். புதிய குழாயை வைத்தும் வட்டம் நகரவில்லை.

அடுத்தது ஊடகத்தின், அதாவது கிருமி வளரத் தட்டில் ஊற்றும் கூழின், கனம். முல்லர்–ஹிண்டன் அகார் தட்டில் 4 மி.மீ. நிற்க வேண்டும். கனம் கூடினால் மருந்து கீழ்நோக்கியும் பரவி வட்டம் சுருங்கும். குறைந்தால் வட்டம் பொய்யாக விரியும். எங்கள் ஆய்வகத்தில் ஊடகத்தைக் கண்ணளவில் ஊற்றுவதுதான் வழக்கம். ஒரு வெற்றுத் தட்டில் கத்தியால் நடுவாகக் கீறி, ஒரு பட்டையை எடுத்துக் காலிப்பரில் வைத்தேன். ஒரு ஓரம் 4 மி.மீ., எதிர் ஓரம் ஏறக்குறைய 6. இன்னும் மூன்று தட்டுகளை அறுத்தேன். எல்லாவற்றிலும் ஜன்னல் பக்கமே தடித்திருந்தது.

மேசையின் கல் சாய்ந்திருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத சாய்வு. பக்கத்தில் வேலை நடந்துகொண்டிருந்த வீட்டிலிருந்து கொத்தனார் அண்ணனை அழைத்துவந்தேன். அவர் ரசமட்டத்தை வைத்ததும் குமிழி கோட்டைத் தாண்டி ஓடியது. “ஜன்னல் பக்கம் தாழ்ந்திருக்கிறது, இதில் ஒரு லோட்டா தண்ணீரைக் கொட்டினாலே தெரிந்திருக்குமே” என்றார். கல்லுக்கடியில் கலவை வைத்துத் தூக்கி, நான்கு திசையிலும் மட்டம் பார்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து 90 மி.மீ. தட்டுக்கு 25 மில்லி என்று அளந்து ஊற்றுகிறோம். அந்தக் கணக்கு எளிது: தட்டின் பரப்பு சுமார் 64 சதுர சென்டிமீட்டர், அதை 0.4-ஆல் பெருக்கினால் 25 மில்லி சொச்சம். ஊடகம் 45 முதல் 50 டிகிரிக்குள் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மூடியில் ஆவி படிந்து சொட்டும்.

மட்டமான மேசையில் ஊற்றிய முதல் தட்டுகளைப் பார்த்தபோது மனது லேசானது. வட்டங்கள் உண்மையிலேயே வட்டமாக இருந்தன. அதற்கு முன் அவை ஒருபக்கம் நசுங்கியிருந்ததே அப்போதுதான் உறைத்தது. செஃப்டாசிடிம் 25-க்கு ஏறியது. ஈ. கோலையில் ஜென்டாமைசின் 21-க்கு வந்தது. ஆனால் சூடோமோனாஸில் ஜென்டாமைசின் 15-இலேயே நின்றுவிட்டது. அமிகாசின் 18. பழுது ஒன்று தீர்ந்தது. நாங்கள் தேடி வந்த பழுது தீரவில்லை.

அந்த இடத்தில்தான் மூத்த டெக்னீஷியன் சேச்சி ஒரு கேள்வி கேட்டார். மற்ற எல்லாம் சரியாக இருக்க, சூடோமோனாஸும், ஜென்டாமைசின், அமிகாசின் அடங்கிய அமினோகிளைக்கோசைடு இனமும் சேரும்போது மட்டும் ஏன் வட்டம் சுருங்குகிறது? இந்த ஜோடிக்கு மட்டும் உள்ள பகை எது?

பாடப்புத்தகத்தில் படித்து, தேர்வெழுதி, மறந்துபோன பதில்தான்: கால்சியமும் மக்னீசியமும். சூடோமோனாஸின் வெளிச் சவ்வில் உள்ள கொழுப்புச் சர்க்கரை மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துவது இந்த இரண்டு உலோக அயனிகள். ஜென்டாமைசினும் அமிகாசினும் நேர்மின்னூட்டம் கொண்டவை. அவை அந்த அயனிகளைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் போய் ஒட்டிக்கொண்டுதான் சவ்வைக் கலைத்து உள்ளே நுழைகின்றன. ஊடகத்தில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்துவிட்டால், தள்ளிய இடத்தை அவையே மீண்டும் அடைத்துக்கொள்ளும். மருந்துக்கு வாசல் கிடைக்காது. செஃப்டாசிடிம் போன்ற பீட்டா-லாக்டம் மருந்துகள் வேறு வழியாக உள்ளே போகின்றன, அதனால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஈ. கோலையிலும் இந்த விளைவு சிறிதளவே தெரியும்.

அமில நிலையும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா? ஊடகம் அமிலப்பக்கம் சாய்ந்தாலும் அமினோகிளைக்கோசைடு வீரியம் குறையும். அளந்து பார்த்தோம்: பிஎச் 7.4. இருக்க வேண்டியது 7.2 முதல் 7.4 வரை, அதன் மேல் விளிம்பு. அந்தப் பக்கம் சாய்ந்தால் வட்டம் பெரிதாகத்தான் வேண்டும். ஆகவே குற்றவாளி அது அல்ல.

ஊடகப் பொடி முன்பு வாங்கிய அதே கம்பெனி, அதே லாட். ஆகவே தண்ணீர்.

எங்கள் நீர் வடிக்கும் எந்திரம் தை மாதத்திலேயே நின்றுபோயிருந்தது. ஹீட்டர் போய்விட்டது, பழுதுபார்க்க ஆள் வரவில்லை. அதுவரை என்று ஊடகம் கலப்பதற்கு ஆர்.ஓ. குடிநீர் எந்திரத்திலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார் உதவியாளர். ஆர்.ஓ. நீர் சுத்தமானது என்பது அவர் எண்ணம். என் எண்ணமும் அதுதான். டிடிஎஸ் மீட்டரை வாங்கி விட்டுப் பார்த்தபோது 340 காட்டியது. கிணற்று நீரில் 1150.

டிடிஎஸ் மொத்த உப்பைத்தான் சொல்லும், கால்சியத்தைத் தனியாகச் சொல்லாது. அதனால் கடினத்தன்மை பார்க்கும் சொட்டுக் குப்பிகளை வாங்கி வந்தோம். மாதிரியில் சாயத்தை விட்டதும் நாவற்பழச் சிவப்பு நிறம் வரும். சொட்டுச் சொட்டாக இடிடிஏ கரைசலை விட்டுக்கொண்டே போனால் ஒரு சொட்டில் சட்டென்று தெளிந்த நீலமாகும். அந்தச் சொட்டுக் கணக்குதான் கால்சியம், மக்னீசியத்தின் கணக்கு. ஆர்.ஓ. நீர் நீலமாக எத்தனை சொட்டு தேவைப்பட்டது என்று சேச்சி வாய்விட்டு எண்ணினார், பதினாறு. எங்கள் பெட்டியில் ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஊடகத்துக்கான நீரில் முதல் சொட்டிலேயே நீலம் வந்திருக்க வேண்டும்.

ஆர்.ஓ. எந்திரத்தின் மூடியைத் திறந்தபோது விஷயம் விளங்கியது. சவ்வைத் தாண்டி வரும் நீர்க் குழாயும், சவ்வுக்குள் போகாமல் வரும் இன்னொரு மெல்லிய குழாயும் ஒரு சிறு வால்வில் சேர்கின்றன. வால்வின் தலையில் ஒரு திருகு. அதைத் திருப்பினால் வடிக்காத நீர் கொஞ்சம் கலக்கும். டிடிஎஸ் கன்ட்ரோலர் என்பது அதன் பெயர். முழுக்க வடித்த நீர் சப்பென்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, சர்வீஸுக்கு வந்தவர் அதைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். குடிப்பதற்கு அது நல்ல ஏற்பாடுதான். அந்த நீரில் நாங்கள் ஆன்டிபயாடிக் சோதனைத் தட்டு ஊற்றியதுதான் தவறு.

இவ்வளவும் ஊகம்; நிரூபிக்க வேண்டும். ஒரே டப்பாவிலிருந்து லிட்டருக்கு 38 கிராம் கணக்கில் பொடியை எடுத்து மூன்று வகை நீரில் கலந்தோம்: அறுவை அரங்கில் பயன்படும் மலட்டு நீர், ஆர்.ஓ. நீர், கிணற்று நீர். ஒவ்வொன்றிலும் மூன்று தட்டு. ஒரே ஆட்டோகிளேவ் சுற்று, ஒரே மேசை. 27853 கரைசலும் ஒன்றே. பஞ்சுக்குச்சியை நனைத்துக் குழாயின் உள்சுவரில் அழுத்திப் பிழிந்து, தட்டை 60 டிகிரி திருப்பித் திருப்பி மூன்று முறை தீற்றி, கடைசியில் ஓரத்தைச் சுற்றி ஒருமுறை. கரைசல் தயாரான 15 நிமிடத்துக்குள் தீற்றல், தீற்றிய 15 நிமிடத்துக்குள் வில்லை, வைத்த 15 நிமிடத்துக்குள் இன்குபேட்டர். இந்த மூன்று பதினைந்தையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்தோம். மாலை ஐந்து மணிக்கு 35 டிகிரியில் வைத்தோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பதினேழு மணி நேரம் ஆனதும், தட்டுகளை மூடியோடு கவிழ்த்துக் கறுப்புத் துணியின் மேல் பிடித்தேன். விளக்கு மேலிருந்து. சூடோமோனாஸ் வளர்ந்த தட்டுக்கு ஒரு பச்சைச் சாயல் உண்டு, பழுத்த திராட்சை போன்ற வாசனையும் உண்டு. அந்தப் பச்சைப் பரப்பில் வட்டங்கள் தெளிவாக வெட்டி எடுத்தாற்போல் நின்றன. அளக்க வேண்டிய தேவையே இல்லை. மலட்டு நீர்த் தட்டில் ஜென்டாமைசின் வட்டம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது. கிணற்று நீர்த் தட்டில் வில்லையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம்தான். அளந்தோம்: மலட்டு நீரில் 19, 20, 19. ஆர்.ஓ. நீரில் 15, 15, 14. கிணற்று நீரில் 12, 12, 11. அதே தட்டுகளில் செஃப்டாசிடிம் 25, 25, 24 என்று அசையாமல் இருந்தது. சேச்சி எதுவும் பேசாமல் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார்.

இனி நீர் வடிக்கும் எந்திரம். உள்ளே ஹீட்டர் சுருள் தெரியவே இல்லை. விரல் தடிமனுக்கு வெள்ளைச் சுண்ணம் படிந்து ஒரு மண்குழாய்போல் இருந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து இரவு முழுக்க ஊற வைத்தோம். நுரைத்துக்கொண்டே இருந்தது. காலையில் படிவு கட்டிகளாகப் பெயர்ந்து வந்தது, அதோடு சுருளின் உறை வெடித்திருந்ததும் தெரிந்தது. வேலந்தாவளத்தில் தோட்ட மோட்டார்களுக்குக் காயில் கட்டும் அண்ணன் வந்து புதுச் சுருள் பொருத்தி, எர்த் சரிபார்த்துக் கொடுத்தார். இந்த எந்திரத்தில் இனி கிணற்று நீரை நேரடியாக விடாதீர்கள், ஆறு மாதத்தில் மறுபடி இதே கதிதான் என்றார். அதனால் ஆர்.ஓ. எந்திரத்தில் கலக்கும் வால்வுக்கு முன்பாகவே ஒரு ‘டி’ இணைப்பு போட்டு, அந்த நீரை வடிக்கும் எந்திரத்துக்கு விட்டோம். முதல் அரை மணி நேரம் வடிவதைக் கொட்டிவிடுகிறோம். பிறகு பிடிக்கும் நீரில் மீட்டர் 2 அல்லது 3 காட்டுகிறது. தினமும் அந்த எண்ணை எழுதிய பிறகே ஊடகப் பொடி டப்பாவைத் திறக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்.

அதன்பின் இருபது நாள் தொடர்ச்சியாக இரண்டு கட்டுப்பாட்டுக் கிருமிகளையும் ஓட்டினோம். இருபதில் ஒன்றுக்கு மேல் வெளியே போகாமல் இருந்தால்தான் வாரம் ஒருமுறைக்கு இறங்கலாம். ஒன்பதாம் நாள் வெளியே போனது, எல்லா மருந்திலும் சேர்ந்தாற்போல். அன்று மின்தடையில் கரைசல் நாற்பது நிமிடம் மேசையிலேயே காத்திருந்தது. கிருமி பெருகி, வட்டம் எல்லாமே சுருங்கிவிட்டது. காரணத்தை எழுதி மறுநாள் திரும்பச் செய்தோம். மற்ற பத்தொன்பது நாளும் ஜென்டாமைசின் 18-க்கும் 21-க்கும் நடுவில்.

மனதை அழுத்திய வேலை பின்னால்தான் வந்தது. எந்திரம் நின்ற நாளிலிருந்து நாங்கள் அறிக்கை கொடுத்த சூடோமோனாஸ் கிருமிகளில் பதினொன்று கிளிசராலில் உறைய வைத்த நிலையில் இருந்தன. அத்தனையையும் புதுத் தட்டில் திரும்பப் பார்த்தேன். நான்கில் அமிகாசின் ஆரிலிருந்து எஸ் ஆனது. நான்கு திருத்திய அறிக்கைகளை எழுதி நானே மருத்துவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாவின் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினைப் பார்த்துவிட்டு, வயதையும் யோசித்து, மெரோபெனத்தையே முடித்துவிடலாம் என்று மருத்துவர் முன்பே முடிவெடுத்திருந்தார். அமிகாசின் சிறுநீரகத்தைப் படுத்தும் மருந்து. அந்த முடிவு அவருடையது. ஆனால் முடிவெடுப்பதற்கான இரண்டாவது வழியை முதல் மூன்று நாளும் அவர் கண்ணிலிருந்து மறைத்தது எங்கள் தாள்.

ஆய்வகங்களில் எல்லோரும் பயப்படுவது தவறான எஸ்ஸுக்கு. கேட்காத மருந்தைக் கேட்கும் என்று எழுதினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. அதை மிகப் பெரிய பிழை என்று சரியாகவே வகைப்படுத்துகிறார்கள். தவறான ஆர் அதற்கு அடுத்த படி. ‘பாதுகாப்பான தவறு’ என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு தவறான ஆரும் மருத்துவரை மெரோபெனத்தின் இனமான கார்பபெனம் பக்கம் தள்ளுகிறது, கடைசிக்கென்று வைத்திருக்கும் மருந்து அது. 2018-இல் கேரள அரசு நுண்ணுயிர் எதிர்ப்புக்கெனத் தனிச் செயல்திட்டம் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று மருந்துச் சீட்டில்லாத ஆன்டிபயாடிக் விற்பனையைப் பிடிக்கச் சோதனைகள் தொடங்கின. எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் ஒரு பட்டை அசித்ரோமைசினுக்குக்கூட இப்போது சீட்டுக் கேட்கிறார். ஆய்வகம் மட்டும் ஒரு திருகைக் கவனிக்காமல் மெரோபெனம் எழுத வைத்தால் அவர் கேட்பதற்கு என்ன பொருள்?

இதே போன்ற ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். இந்த வரம்புகளை வகுக்கும் அமெரிக்கத் தர நிறுவனமான சிஎல்எஸ்ஐ 2023-இல் சூடோமோனாஸுக்கான ஜென்டாமைசின் வரம்புகளை எடுத்துவிட்டது; அமிகாசினையும் சிறுநீர்க் கிருமிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. அதனால் நோயாளியின் சூடோமோனாஸுக்கு ஜென்டாமைசின் அறிக்கை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 27853-உடன் அந்த வில்லையை வைப்பதை நிறுத்திவிடாதீர்கள். தண்ணீரில் உள்ள கால்சியத்தை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

நேற்று ஊடகப் பொடியின் புது லாட் வந்திருக்கிறது. அதில் தைமிடின் என்ற பொருள் மிகுந்திருந்தால் கோட்ரைமாக்சசோல் மருந்தின் வட்டத்துக்குள் மங்கலான வளர்ச்சி தெரியும். என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் ஏடிசிசி 29212-இல் தெளிவான வட்டம் 20 மி.மீ.யாவது வர வேண்டும். அந்தக் கிருமியையும் இம்முறை வாங்கி வைத்திருக்கிறோம். நாளை காலை மீட்டரைப் பார்த்துவிட்டு, பழைய லாட்டையும் புதியதையும் சேர்த்தே ஊற்றுகிறோம்.